ரேகை விழாத பத்து நாள்

தினமும் காலையில் கம்பெனி கேட்டில் விரல் வைக்கும்போது எனக்கு இன்னமும் பயம்தான். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. பச்சை விளக்கு எரியாமல் போன நாள் என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தக் கறுப்புப் பெட்டியின் கண்ணாடியில் விரலை அழுத்துகிற ஒரு நொடியில் என் மூச்சு நின்றுதான் வருகிறது. பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். "என்னாக்கா, தெனமும் சாமி கும்புடறியா?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு ரேகை பிறக்கும்போதே வந்தது. நான் அதைப் பத்து நாள் பயந்து பயந்து வளர்த்தேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. டிரான்ஸ்பார்மர் பக்கமாகப் போனால் அது என்னைப் பார்த்து உறுமுவதாகத் தோன்றும். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்புவதற்கு முன்னாலேயே கை வேர்த்து தாள் நனைந்துவிடும். இதையெல்லாம் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சிலருக்குத் தூரத்துப் பார்வை சரியாகத் தெரியாது, எனக்குத் தைரியம் சரியாக வராது, அவ்வளவுதான். ஆனால் பிளஸ் டூ முடித்த பிறகு வந்த பயம் வேறு ரகம். அது சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தாலும் கூடவே வந்து உட்கார்ந்தது.

எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அம்மா வீட்டில் உட்கார்ந்து புளி தட்டுவாள். மாசி பிறந்ததும் வியாபாரியின் வண்டி வீட்டுக்கு வீடு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துச் சுத்தமான புளியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும்போதே நானும் அம்மாவும் எதிரெதிராக உட்கார்ந்து தட்டுவோம். புளி விரலைத் தின்னும் என்பது அதைத் தட்டாதவர்களுக்குத் தெரியாது. முதலில் நுனி வெளுக்கும். அப்புறம் தோல் உரியும். உரிந்து உரிந்து ஒரு கட்டத்தில் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். குழம்புக்கு உப்பு அள்ளிப் போடும்போது உயிர் போய் உயிர் வரும்.

எங்கள் மாவட்டம் முன்னேறியதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் நாலு வழிச் சாலையைச் சொல்வார்கள், குழாயில் வந்த காவிரித் தண்ணீரைச் சொல்வார்கள். அதெல்லாம் வந்தது உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்து முன்னேற்றம் எங்கள் வீட்டுக்கு விரல் கேட்டுக்கொண்டுதான் வந்தது. ரேஷன் கடையில் விரல், பேங்க்கில் விரல், சிம் கார்டு வாங்கப் போனால் அங்கேயும் விரல். அம்மா மாதிரிப் பெண்களிடம் மற்றதெல்லாம் இருந்தது, விரல்தான் இல்லை. ரேஷன் கடை மெஷினில் அவள் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள். ஒன்றும் விழாது. கடைக்காரர் அலுத்துப்போய் கடைசியில் நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அரிசியைப் போடுவார். என் விரலும் அப்படித்தான் இருந்தது என்பதால் என்னைக் கூப்பிட்டும் பிரயோஜனம் இல்லை.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டு கர்நாடகா பக்கம் போனால் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் வருவார். நான் பிறந்த அன்றே அம்மா தன் பிறந்த வீட்டில், எல்லார் முன்னாலும், "இவ என் தம்பிக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சொன்னால் சொன்னதுதான். மாமாவும் அந்த வார்த்தையை நம்பி, வந்த இடத்தையெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, முப்பத்து மூன்று வயது வரைக்கும் காத்துக்கொண்டு இருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் நான் அவர் தோளில் உட்கார்ந்து மாரியம்மன் தேர் பார்த்தவள். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, கீழே போட்டுவிடாதே மாமா என்று அழுதவள். அந்த மனுசனைப் புருசன் என்று நினைத்துப் பார்த்தால் கை கால் எல்லாம் ஜில்லிட்டுப் போகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் பயம்.

அந்த வருடம் மாசியில்தான், ஒரு சனிக்கிழமை, கடத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. ஓசூர் போகிற ரோட்டில், கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனி. பெண்கள் மட்டும், பிளஸ் டூ போதும், தங்குவதற்கு ஹாஸ்டல் உண்டு என்றார்கள். என் கூடப் படித்தவள் ஒருத்தி துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைப் பரிசோதித்தார்கள். ஒரு தட்டில் கடுகு மாதிரிச் சின்னச் சின்னதாக எதையோ கொட்டி நிறவாரியாகப் பொறுக்கச் சொன்னார்கள். புளிக்குள் நார் தேடிப் பழகிய கை; எல்லாரையும்விட முதலில் முடித்துவிட்டேன். துணைக்கு வந்த என்னை எடுத்துக்கொண்டார்கள், கூட்டிக்கொண்டு போனவளை எடுக்கவில்லை. அவள் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் அப்பா போனில் தீர்ப்பு மாதிரிச் சொன்னார். "வேல கெடச்சா ரெண்டு வருசம் போவட்டும், கண்ணாலத்த அப்பறம் பாத்துக்கலாம். கெடக்கலன்னா வர்ற வைகாசிலயே முடிச்சிரலாம்." அம்மா எப்போதுமே வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள். "திங்கக்கெழம அதியமான்கோட்டகிட்ட கம்பெனி பஸ் வருமாம்மா. அங்க போயி கைரேக பதிஞ்சாத்தான் சேத்துக்குவாங்களாம்" என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "கைரேகயா?" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கேயோ போய் மடி நிறைய மருதாணி பறித்துக்கொண்டு வந்தாள். அம்மியில் வைத்து மை மாதிரி அரைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "வெச்சா நல்லது. கைய நீட்டு" என்றாள். உள்ளங்கையில் நிலா, நட்சத்திரம் எதுவும் இல்லை. பத்து விரலுக்கும் தொப்பி மட்டும், அதுவும் கெட்டியாக. பொழுது சாயும் வரைக்கும் கழுவவிடவில்லை. வெளுத்துக் கிடந்த நுனியெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்று வைக்கிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

பஸ்ஸில் முப்பது பெண்களாவது இருந்திருப்போம். கிருஷ்ணகிரி தாண்டும் வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரே வெள்ளைக் கட்டடம். தரை பளபளவென்று, நடந்தால் சறுக்கிவிடும்போல இருந்தது. வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அந்தக் கறுப்புப் பெட்டியில் விரல் வைக்கச் சொன்னார்கள். பீப், பச்சை. அடுத்தவள். பீப், பச்சை. எனக்கு மட்டும் சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. பஞ்சில் எதையோ நனைத்துத் தேய்த்துவிட்டார்கள், சிவப்பு. பத்து விரலும் ஒரு சுற்று முடிந்தபோது எனக்குப் பின்னால் இருந்த வரிசை நகராமல் நெளிய ஆரம்பித்தது. முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

ஆபீஸ் மேடம் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். மெஷினைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம்மா?"

"இல்லீங்க மேடம்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு மருதாணி? வேலையக் கத்துக் குடுத்ததும் பத்திரிகையத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்க. போன பேட்ச்ல நாலு பேரு."

வைகாசி என்ற வார்த்தை என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது, இந்த அம்மா அதைப் படித்துவிட்டார் என்றே பயந்தேன். அவர் என் விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். "தோலே இல்லையே. என்ன வேலை செய்யற?" என்று கேட்டார். புளி என்றேன். என் கையை விட்டுவிட்டு, "அடுத்த பேட்ச் அடுத்த வாரம் வியாழக்கிழமை. பத்து நாள் இருக்குது. சாயமும் போகட்டும், தோலும் வளரட்டும். அன்னிக்கும் விழலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். நல்ல மனுசி. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் தூக்குத் தேதி குறித்துக் கொடுத்தவர்போலத் தெரிந்தார்.

திரும்பி வரும்போது காரிமங்கலம் பக்கத்தில் அந்த நினைப்பு வந்தது. விரல் விழாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் அம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாதா மாதம் அனுபவிக்கிறவள். கைரேகை என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாளே. மறுநாளே மருதாணி. அதுவும், ஏற்கெனவே தேய்ந்து கிடந்த விரல் நுனிக்கு மட்டும். தம்பிக்குக் கொடுத்த வார்த்தைக்காகத் தெரிந்தேதான் பூசிவிட்டாள். இப்படி நினைத்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. பெற்றவளைப் பார்த்துப் பயப்படுகிற பயம் மற்ற பயம் மாதிரி இல்லை. மற்றதெல்லாம் வெளியே இருக்கும், வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதில் எங்கே ஓடுவது?

"என்னாச்சு?" என்றாள் அம்மா, வாசலிலேயே.

"உழல."

என் கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான செவந்துருக்குது?" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பத்து நாள் கெடுவைக் கயிற்றுக் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல மூட்டைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அம்மா என் முன்னாலிருந்த புளியைக் காலால் தள்ளிவிட்டாள். "தொடாத" என்றாள். அன்றிலிருந்து என் பங்கையும் அவளே தட்டினாள். பாத்திரம்கூடத் தேய்க்கவிடவில்லை. குளித்துவிட்டு வந்தால் விளக்கெண்ணெயைக் காய்ச்சி வந்து என் விரல் ஒவ்வொன்றையும் நீவிவிடுவாள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணப் பெண்ணைத்தான் இப்படி வைத்துக்கொள்வார்கள். மருதாணிக் கையைப் பார்த்துத் தெருப் பெண்களும், "என்னா, வைகாசிலயே கண்ணாலமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் மாமாவின் போன் வந்தபோது அம்மா கொல்லைப் பக்கம் போய் நின்று, "ஒரு பத்து நாளு போவட்டும்டா தம்பி, சொல்றேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் செய்ததெல்லாம் விரலைப் பார்த்ததுதான். காலையில் எழுந்ததும் கூரைச் சந்தில் விழுகிற வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். கண்ணாடியில் பவுடரைத் தட்டி அதில் அழுத்திப் பார்ப்பேன். நாலு நாளைக்கு வெறும் வட்டம்தான் விழுந்தது. ஐந்தாம் நாள் ஓரத்தில் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அழுத்தியதில் விழுந்த சுருக்கமோ என்று சந்தேகம் வந்து, அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். இருந்தது. யாரிடம் காட்டுவது? அம்மாவிடம் காட்டப் பயந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். கோடு வளர்வது தெரிந்தால் இன்னொரு தரம் மருதாணி அரைத்துவிடுவாள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். இன்றைக்கு அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் அரிசி போடுகிறார்கள் என்று சொல்லி அம்மா என்னையும் ரேஷன் கடைக்குக் கூப்பிட்டாள். பை தூக்கத்தான் என்று நினைத்துப் போனேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் அம்மா விரலை வைத்தாள். விழவில்லை. இன்னொன்று, இன்னொன்று. இரண்டு ஆள் வேலையை எட்டு நாளாகத் தட்டிய கை, எப்படி விழும்?

"யம்மா, நீ புளி தட்டித் தட்டி ரேகையே தேஞ்சி போச்சு. பொண்ணு பேரும் கார்டுல இருக்குதில்ல, அத வெக்கச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

நான் பின்னால் நகர்ந்தேன். இங்கே விழவில்லை என்றால் கம்பெனியிலும் விழாது. அதை வியாழக்கிழமை வரைக்கும் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம் என்று பார்த்தால், இத்தனை பேர் முன்னால் இன்றைக்கே தெரிந்துவிடும். வேண்டாம்மா என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அவள் பிடி இரும்பாக இருந்தது.

ஆள்காட்டி விரலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பீப் என்று ஒரு சத்தம். மெஷின் கரகரவென்று சீட்டைத் துப்பியது.

"உழுந்துடுச்சு!" என்று அம்மா கத்தினாள். அவள் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. "உழுந்துடுச்சுங்க! எம்பொண்ணு ரேக உழுந்துடுச்சு!" கடைக்காரரிடம் சொன்னாள், வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள், அப்புறம் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவி, நாந்தான் மருதாணி வெச்சிக் கெடுத்துட்டேன். செவப்பா இருந்தா கோடு எடுப்பாத் தெரியும்னு நெனச்சேங்க. கைநாட்டுக்கு மை தடவறாங்கல்ல, அதாட்டம்னு நெனச்சிட்டேன். வேல போயிருமோன்னு எட்டு நாளா எனக்கு உசுரே இல்ல."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க மைப்பெட்டியில் அமுக்கியே விரல் வைத்துப் பழகியவள் வேறு எப்படி நினைப்பாள்? எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு நாள் நான் அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அவளும் அதே வீட்டில், அதே பயத்தை வைத்துக்கொண்டு, என் பங்குப் புளியையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை கம்பெனியில் பச்சை விளக்கு எரிந்தது. மேடம் என் விரலை மறுபடி பார்த்துவிட்டு, நக நுனியில் மிச்சமிருந்த சிவப்பைக் காட்டிச் சிரித்தார். ஹாஸ்டல் சாவியைக் கொடுத்து, துணிமணி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பயம் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். அப்பாவைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பட்டன் போன், அந்தப் பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெளிவாகக் கேட்கும். அம்மாவுக்குப் பிறந்த வீட்டோடு இருந்த பேச்சுவார்த்தை அந்தப் போனோடு முடிந்துபோகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"தம்பி, பாப்பா ரேக உழுந்துடுச்சுடா. சேத்துக்கிட்டாங்க."

"அப்படியாக்கா? சந்தோசம்" என்றார் மாமா. நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். "ரெண்டு வருசந்தானக்கா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிரும். நான் காத்துக்கிட்டு இருக்கறேன்."

"இருக்காதடா."

"என்னாக்கா?"

"நீ இருக்காத. வேற எடத்துல பொண்ணு பாரு. ரெண்டு வருசம் உன்ன நிக்க வெச்சிட்டு, அப்பறமா இல்லன்னு சொன்னா அது பெரிய பாவம்டா. அவளுக்கு மனசு இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் யாரிடமும் சொல்லாததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் லாரி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார்போல.

"அப்ப நானு, அக்கா?" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராமல் போன பிறகும் அம்மா போனைக் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் என்னிடம் நீட்டி, "கட் பண்ணிட்டானா பாரு கண்ணு" என்றாள்.